வேலை நேரத்தில் வந்த இறைவன்



நம் பள்ளியில் நண்பகல் மணி அடித்ததும் பாடம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். கரும்பலகையில் பாதி போட்ட கணக்கும், வாயில் பாதி சொன்ன செய்யுளும் அப்படியே இருக்க, எல்லாரும் எழுந்து நின்று திரிகால ஜெபம் சொல்வோம். நல்ல பசி வேளை அது. ஜெபத்தை ஓட்டமாய் ஓட்டிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் அவசரம்தான் எங்களுக்கு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. எங்களுள் ஒருத்தி ஒருநாள் துணிந்து, "காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறோமே, வேலைக்கு நடுவில் எதற்குச் சிஸ்டர் இந்த மணி?" என்று கேட்டுவிட்டாள். சிஸ்டர் கோபிக்கவில்லை. "வேலைக்குப் போனபின் உனக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குப் போனோம். தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த எங்களிருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்ததை இறைவனின் திருவிளையாடல் என்றே சொல்லவேண்டும். நகரத்து மருத்துவமனை ஒன்றில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் பதியும் வேலை. பெண்கள் வரிசைக்கு இரண்டு சன்னல்கள். அடுத்தடுத்த சன்னல்களில் நாங்கள்.

காலை 7.30 மணிக்குச் சன்னல் திறக்கும். 12 மணிக்கு மூடும். வரிசையோ விடியுமுன்பே தொடங்கிவிடும். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தெல்லாம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்குவார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டு. இன்னொரு கையில் கஞ்சி ஊற்றிய தூக்குவாளி. பெயர் என்ன, வயது என்ன, கணவர் பெயர் என்ன, ஊர் எது - இந்த நான்கு கேள்விகள்தாம் எங்கள் வேலை. திங்கட்கிழமையானால் ஒரு சன்னலுக்கு 300 பேருக்குக் குறையமாட்டார்கள். நான்கு கேள்விகளை 300 முறை கேட்டுப் பாருங்கள்! பத்து மணிக்குமேல் எதிரில் நிற்பது மனிதரா மரமா என்று பார்க்கத் தோன்றாது. கையும் வாயும் தாமாக வேலை செய்யும்.

இவ்வளவுக்கும் நாங்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லோம். கீழவெளி வீதி மரியன்னை ஆலயத்தில் காலைப் பூசை கண்ட பிறகே வேலைக்குப் போவோம். ஆனால் நற்கருணை வாங்கிய அதே நாவால் எட்டு மணிக்குள் யாரையாவது ஏசியிருப்போம். மாதந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது ஒரே பாவம்: கோபம். மறுநாளே அதைத் திரும்பச் செய்வோம். பூசையில் இருக்கும் இறைவன் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறார், மாலையில் ஜெபமாலை சொல்லும்போதுதான் மறுபடியும் வருகிறார் என்று எங்களுக்குள் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. இடைப்பட்ட எட்டு மணி நேரம் சம்பளத்துக்கு உரியது. அதற்கும் அவருக்கும் தொடர்பில்லை.

இப்படியே போனால் ஆன்மாவையே இழந்துவிடுவோம் என்று அஞ்சி, இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பழைய சீட்டுகளைக் கட்டிவைக்கும் பதிவேட்டு அறைக்கு மாற்றும்படி மனுக் கொடுத்தோம். அங்கே மனிதர்கள் வரமாட்டார்கள், காகிதங்கள்தாம் இருக்கும். யாரையும் ஏசவேண்டாம், நடுநடுவே ஒரு ஜெபமாலையும் சொல்லலாம் என்பது எங்கள் கணக்கு. மனுவில் "உடல்நிலை காரணமாக" என்று எழுதினோம். உடல் நன்றாகத்தான் இருந்தது.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரத் திங்கட்கிழமை அது. திருவிழாவுக்காக நோயை அடக்கிக்கொண்டு வீட்டில் இருந்தவர்களெல்லாம் அன்று ஒன்றாக வந்துவிட்டார்கள். கத்திரி வெயில் வேறு. வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி, வேப்ப மரத்தையும் தாண்டி நின்றது. பன்னிரண்டு அடிக்கச் சற்று நேரமே இருக்கும்போது ஒரு மூதாட்டி சன்னலுக்கு வந்தார். தண்டட்டி கழற்றிய நீண்ட காதுகள், வெயிலில் கறுத்த முகம்.

"பேர் என்ன?"

"எம் பேரா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஏதோ மறந்துபோனதைத் தேடுபவர் போலச் சற்று நின்று, பிறகு சொன்னார்.

"வயசு?"

"தனுஷ்கோடி புயலடிச்ச வருசம் எனக்கு மூத்தவன் பொறந்தான் தாயி. நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

புயல் அடித்தது 1964-இல். ஒருவாறு கணக்கிட்டு எழுபது என்று எழுதினோம். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.

"கணவர் பேர்?"

பதில் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்தக் காலத்து மனுஷி. கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்.

"சொல்லுங்க பாட்டி, நேரமாச்சு."

"அதான்... பழனியில ஆண்டியா நிக்குறாருல்ல, அவரு பேரு."

"பழனிச்சாமியா?" தலையசைத்தார், இல்லை. "முருகனா?" இல்லை. "தண்டபாணியா?" அதுவும் இல்லை. முருகனுக்கா பெயருக்குப் பஞ்சம்! பின்னால் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், பலர் கத்தினார்கள். எங்களுக்கும் அடக்கமுடியவில்லை.

"பேரைச் சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லேன்னா ஒதுங்கி நில்லுங்க. ஒங்க ஒருத்திக்காக ஊரே நிக்க முடியாது!"

ஏசியது எங்களுள் ஒருத்தி. அடுத்த சன்னலில் இருந்தவள் அதைக் கேட்டு, சரியாகச் சொன்னாய் என்பதுபோல் தலையசைத்தாள். ஆகவே இருவரும் என்றே எழுதுகிறோம். மூதாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுங்கிப் போனார். வரிசை நகர்ந்தது. சற்று நேரத்தில் அவரை மறந்தும்போனோம்.

சுவர்க் கடிகாரம் 12 காட்டியது. சன்னற்கதவைப் பாதி இறக்கியபோது, அடியில் ஒரு கை நீண்டது. தூக்குவாளியும் அதன் மூடியும். வாளி நிறைய நீர்மோர். சித்திரைத் திருவிழாவுக்காக வாசலில் போட்டிருந்த பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அங்கே வாங்கி வந்திருக்கிறார்.

"காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு புள்ளைகளும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. தொண்டை காஞ்சுபோனா கோவம் வரத்தான் செய்யும். குடிங்க தாயி."

நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் நின்றோம். "ஒங்க சீட்டு, பாட்டி..." என்று ஒருத்தி தொடங்கினாள்.

"அது கெடக்குது, நாளைக்கு வந்துக்கிறேன். நீங்க எம் பேரக் கேட்டீகள்ல? அத வாய்விட்டுச் சொல்லி எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? வீட்டுல கெழவிம்பாக. வெளியில ஆத்தாம்பாக. இன்னைக்குத்தான் எம் பேரு எனக்கே ஞாபகம் வந்துச்சு. அத எழுதவும் செஞ்சீக. மனசு குளுந்துபோச்சு."

மூடியில் ஊற்றி ஊற்றி இருவரும் குடித்தோம். குடித்து முடித்து, இறக்கிய கதவை மறுபடியும் தூக்கினோம். அவருடைய ஊர்ப் பெண் ஒருத்தி தாழ்வாரத்தில் இருந்தாள். அவள் கணவர் பெயரை எங்கள் காதோடு சொன்னாள். முருகனுக்கு உரிய அந்தப் பெயர் எங்களுக்குத் தோன்றவே இல்லை! மருத்துவர் எழுந்துவிடுவாரோ என்று அஞ்சி, எங்களுள் ஒருத்தி மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே அழைத்துப் போனாள். அன்றைக்கு அவரைப் பார்த்துவிட்டார்கள்.

மூதாட்டியின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. அது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அதைவிட மேலான பதிவேட்டிலும் இருக்கும் என்று நம்புகிறோம்.

அன்று சோறு இறங்கவில்லை. கெட்டவர்களாக நடந்துகொண்டதற்கு வருந்தினோம் என்பது ஒரு பக்கம். அதைவிட வேறொன்று எங்களை அசைத்துவிட்டது. எந்தக் கேள்வியை உயிரற்றதாக எண்ணி நாளைக்கு 300 முறை கேட்டோமோ, அந்தக் கேள்வி ஒருவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கிறது. நாங்கள் அறியாமலே எங்கள் வேலைக்குள் ஒரு நன்மை இருந்திருக்கிறது. நாங்கள்தாம் அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

"நண்பகல், தாகம், ஒரு பெண், குடிக்கக் கொடுத்தல்... இதை எங்கே படித்தோம்?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மற்றவளுக்கும் அதே நினைவு. யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் களைத்து அமர்ந்திருந்ததும் நண்பகல் வேளையில்தான். தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண் ஜெபிக்க வந்தவள் அல்லள்; அன்றாட வேலைக்காகக் குடத்தோடு வந்தவள்.

அன்று மாலை விவிலியத்தை எடுத்து, அதுவரை பார்க்காத கண்ணோடு பார்த்தோம். வியப்பாக இருந்தது. மோயீசன் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எரியும் முட்செடியைக் கண்டார். கிதியோன் கோதுமை அடித்துக்கொண்டிருந்தபோது வானதூதர் வந்தார். இராயப்பரும் பெலவேந்திரரும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பெத்லகேம் இடையர்கள் இராக்காவலில் இருந்தார்கள். இந்நாள் பேச்சில் சொன்னால் நைட் டியூட்டி! புனித மத்தேயுவோ சுங்கச்சாவடியில் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் போலச் சன்னலில் உட்கார்ந்து பெயர் கேட்டு எழுதியவர்! அவரை ஆண்டவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரச்சொல்லி அழைக்கவில்லை. உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து அழைத்தார். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மதலேன் மரியம்மாள் அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். தன் பெயரைச் சொல்லி அவர் அழைத்த பிறகே அறிந்துகொண்டாள். பெயர் சொல்லி அழைப்பது அவ்வளவு பெரிய காரியம் என்று பள்ளியில் மறைக்கல்வி படித்தபோது எங்களுக்குப் படவில்லை.

புனித சூசையப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசியதாக நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூட இல்லை. அவர் தச்சர் என்பது மட்டும் இருக்கிறது. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். இளமையில் கல் உடைக்கும் இடத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்த இரண்டாம் அருள் சின்னப்பர், திருத்தந்தையான பின் 1981-இல் மனித உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். தாய்த் திருச்சபை எங்களுக்கு எப்போதோ சொல்லிவைத்ததைத்தான், திருமுழுக்குப் பெறாத ஒரு கிராமத்து மூதாட்டி மோர் கொடுத்துப் புரியவைத்தார்.

மறு ஆண்டில் எங்களுள் ஒருத்தியின் தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் வரலாற்றை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். இராணுவ மருத்துவராய் இருந்த இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே துன்பப்பட்டவர், விரல்களைப் பழக்கிப் பழக்கி அறுவைக் கத்தி பிடிக்கக் கற்றார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டில் சாய்வு நாற்காலி போட்டு உட்காராமல், 1976-இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் காலமானார். அவர் நம் மறையினர் அல்லர். ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர். வேலையையே இறைவனுக்குச் செய்யும் தொண்டாகக் கருதியவர். அம்மாவின் கையைப் பிடித்து நடத்திச் சென்ற உதவியாளர், கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண். "பார்த்து வாங்கம்மா, இங்க ஒரு படி இருக்கு" என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள். அவளும் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதையே சொல்கிறாளோ! ஆனால் அம்மாவுக்கு அது முதல்முறை சொன்னதுபோல் இருந்தது. எங்களுக்கும் அப்படியே தோன்றியது.

சகோதரர் லாரன்ஸ் என்ற கார்மேல் சபைத் துறவியைப் பற்றிச் சிஸ்டர் ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 1614-இல் பிறந்தவர், போர்வீரராய் இருந்து காயம்பட்டு, பின் பாரிஸ் நகர மடத்தில் சேர்ந்தவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பல ஆண்டுகள் அதையே செய்தார். வயதான பிறகு செருப்புத் தைத்தார். பாத்திரச் சத்தத்துக்கும் ஆட்களின் கூப்பாட்டுக்கும் நடுவில், கோவிலில் முழங்காலில் இருக்கும்போது எவ்வளவு அமைதியோடு இருந்தாரோ அவ்வளவு அமைதியோடு இறைவனோடு இருக்கப் பழகினார். பிடிக்காத வேலை என்ற அந்தச் சொல்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. பிடித்த வேலையில் இறைவனைக் காண்பது யாராலும் முடியும் அல்லவா?

இனி, அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒருத்தி மறுநாளே போய்த் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்னொருத்திக்கு அவ்வளவு திடம் வரவில்லை. மோர் குடித்த மறுவாரமே அவள் ஒரு பெண்ணை ஏசினாள். மனு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து அவளுக்குப் பதிவேட்டு அறை கிடைத்தது. காகிதங்களோடு அமைதியாக இருக்கலாம் என்று போனவள், முதல் கட்டை அவிழ்த்ததும் திகைத்து நின்றாளாம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர்! எல்லாம் நாங்கள் முகம் பாராமல் எழுதிய பெயர்கள். இப்போது அவள் ஒரு கட்டைக் கட்டி முடிக்குமுன், அதில் உள்ள அனைவருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்கிறாள். மனிதரிடமிருந்து தப்பிப் போனவளை மனிதர் அங்கேயும் விடவில்லை.

சன்னலில் இருப்பவள் இப்போது பெயரைக் கேட்கும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறாள். கணவர் பெயரைச் சொல்லக் கூசும் பாட்டிகளிடம், கூட வந்தவரைக் கேட்கிறாள். யாரும் வராவிட்டால் எந்தச் சாமி பேர் என்று கேட்டு, பொறுமையாக ஊகிக்கிறாள். இதற்கு எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று நினைக்கிறீர்கள்? நாள் முழுதும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. கோபம் முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் முன்புபோல் இறைவன் இல்லாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டோம் என்ற ஏக்கம் இல்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஊழியர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெண்கள் வரிசை நிற்கும் வேப்ப மரத்தடியில் ஒரு மண்பானை வாங்கி வைத்தோம். காலையில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா தண்ணீர் ஊற்றிவைப்பார். தொண்டை காய்ந்தால் கோபம் வரும் என்பது எங்களுக்கு மட்டுமா, வரிசையில் நிற்பவர்களுக்கும்தானே! பானை இரண்டு முறை உடைந்து, இப்போது இருப்பது மூன்றாவது.

அந்த மூதாட்டியை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் தேடுகிறோம்.

தங்கையரே! நீங்களும் நாளை ஆசிரியையாகவோ, செவிலியாகவோ, வங்கியிலோ, கடையிலோ, வீட்டு அடுப்படியிலோ வேலை செய்யப் போகிறீர்கள். பிடித்த வேலை கிடைக்க மன்றாடுங்கள். கிடைத்தால் நன்றி சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், அங்கே இறைவன் வரமாட்டார் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் நீங்கள் எதிர்பார்க்கும் வேளையில், எதிர்பார்க்கும் உருவில் வரவேண்டும் என்ற சட்டமில்லை. உங்களை ஏற்கெனவே பொறுத்துக்கொண்ட ஒருவரின் கையில் தூக்குவாளியோடு வரலாம். அப்போது சன்னற்கதவைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள்.

இப்போதும் 12 மணிக்குச் சன்னலை மூடுமுன் நாங்கள் ஒரு கணம் நிற்கிறோம். ஒருத்தி மாடியில், ஒருத்தி கீழே. மணி அடிக்க ஆளில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான். திரிகால ஜெபம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். பசி அன்றுபோலவே இருக்கிறது. ஆனால் ஓட்டமாய் ஓட்டுவதில்லை. வேலைக்கு நடுவில் அந்த மணியை அடிக்கச் செய்த சிஸ்டர்மார் எங்கிருந்தாலும், அவர்களுக்கு எங்கள் நன்றி.

- முன்னாள் மாணவியர் இருவர்